தொண்டூழியர் பார்க்கக்கூடியவை

சிற்றூரான லாபிஸில் பிறந்து இருபது வயதில் தெப்ரா நகருக்கு வேலைக்கு வந்தவள் வாசுகி. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் சரக்குப் பதிவு பார்த்தாள். அது மூடப்பட்ட பிறகு, கஷ்டப்படும் குடும்பங்களுக்குச் சமையல் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறிய சங்கத்தில் சேர்ந்தாள். தனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அவளுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாததால், சங்கத்தின் இணையச் செயலி அவள் தலையில் வந்து விழுந்தது.

செயலியில் நூற்றுப்பத்துக் குடும்பங்களின் பெயர், தொலைபேசி எண், விலாசம் எல்லாம் இருந்தன. யார் எதைப் பார்க்கலாம் என்பதை வாசுகிதான் அமைத்தாள். சம்பளமில்லாமல் பொருள் கொண்டுபோகும் தொண்டூழியர்களுக்கு அவரவர் குடும்பங்கள் மட்டுமே தெரிய வேண்டும். ஏனென்றால் அந்த நூற்றுப்பத்தில் நான்கு பெண்கள் கணவனின் அடிக்குத் தப்பி ஒளிந்து வாழ்பவர்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பட்டியல் காலியாக வருகிறது என்று தொண்டூழியர்கள் மாற்றி மாற்றி அழைத்தார்கள். வாசுகி பெர்மிஷன் பக்கத்தைத் திறந்து ஏதேதோ மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் 'எல்லாக் குடும்பங்களும்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அழைப்புகள் நின்றன. பரவாயில்லையே என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீவன் என்ற தொண்டூழியர் போன் செய்தார்.

"வாசுகிக்கா, என் லிஸ்ட்டுல நூத்திப்பத்து பேரு வருதே. எல்லாருக்கும் நானே கொண்டு போகணுமா லா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வாசுகி போனை வைத்துவிட்டு டிக்கை எடுத்தாள்; பட்டியல் மறுபடி காலியானால் ஆகட்டும். ஆனால் மூன்று நாள் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. யார் உள்ளே வந்து போனார்கள்?

செயலியின் வருகைப் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். ஐந்து பேர் தங்கள் குடும்பங்களைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஆறாவது பெயர் செல்வா, சேர்ந்து பத்து நாள்கூட ஆகாதவன். புதன்கிழமை மாலை ஒரே ஒரு பக்கத்தை மூன்று முறை திறந்திருந்தான். அது ஒளிந்து வாழும் அந்த நான்கு பெண்களில் ஒருத்தியான ஷர்மினியின் பக்கம்.

ஷர்மினியை வாசுகி நேரில் பார்த்திருக்கிறாள். நான்கு வயது மகளோடு அலுவலகத்துக்கு வந்தபோது, காது ஓரத்தில் தையல் பிரிக்காத காயம் இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. டிக்கை எடுத்தாகிவிட்டது; யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து சங்கத் தலைவி மீரா பீவியின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

மீரா பீவி திட்டவில்லை. கார் சாவியை எடுத்தார். "அவளுக்கு போன் போட்டுக்கிட்டே வா."

வழி நெடுக வாசுகி அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஒன்பது முறை. "எடுக்கலக்கா," என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். மீரா பீவி வண்டியை விரட்டினார்.

ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் இரும்புக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வாசுகி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளே போகத் துணியாமல் வாசலிலேயே நின்றாள். மீரா பீவிதான் உள்ளே போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. போன் மட்டும் தலையணை மேல் கிடந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. வாசுகி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு கையில் துணிக்கூடையும் மறு கையில் மகளுமாக ஷர்மினி ஏறி வந்தாள்.

"கீழ துணி தொவைக்கிற டோபி கடைக்குத்தான் போனேன். என்னக்கா, ஏன் அழுறீங்க?"

வாசுகி மறைக்கவில்லை. "உங்க விலாசத்தை வேற ஒருத்தர் பாத்துட்டாங்க. என்னாலதான். நான்தான் தப்பா டிக் போட்டுட்டேன்."

ஷர்மினி கூடையைக் கீழே வைத்தாள். இருபது நிமிடத்தில் இரண்டு பைகளோடு காரில் ஏறினாள். மீரா பீவி அவர்களை வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்; ஈரத் துணிகள் பழைய வீட்டிலேயே கிடந்தன.

அன்று மாலையே செல்வாவை மீரா பீவி கூப்பிட்டு விசாரித்தார். முதலில் மழுப்பினான், பிறகு உடைந்தான். ஷர்மினியின் கணவன் ஹேமநாதன் அவனோடு வேலை செய்பவன். "பிள்ளையப் பாக்காம செத்துருவேன்னு அழுதாரு. பாவமா இருந்துச்சு, விலாசத்த அனுப்பிட்டேன்," என்றான். மீரா பீவி வாசுகியையும் கூட்டிக்கொண்டு போய் போலீஸில் ரிப்போர்ட் செய்தார்.

சனிக்கிழமை அந்த ஃப்ளாட்டின் பக்கத்து வீட்டுப் பெண் சங்கத்துக்குப் போன் செய்தாள். ஓர் ஆள் வந்து கதவைத் தட்டினானாம். திறக்கவில்லை என்றதும் உதைத்தானாம். கையில் குழந்தைக்கு வாங்கிய பொம்மை இருந்ததாம்.

அடுத்த வாரம் ஷர்மினி அழைத்தாள். "இப்ப இருக்கிற எடம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"மீராக்காவுக்கும் எனக்கும்."

"கோவிச்சிக்காதீங்க. உங்களுக்கும் தெரிய வேணாங்க்கா," என்றாள் ஷர்மினி.

வாசுகிக்குக் கோபம் வரவில்லை. அன்றே மீரா பீவியிடம் சொல்லித் தன் கணக்கிலிருந்து அந்த நான்கு குடும்பங்களையும் எடுக்கச் செய்தாள். எடுத்தபின் தன் பெயரில் லாகின் செய்து, அவர்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். வரவில்லை. பிறகு ஜீவனின் கணக்கைப் போலவே ஒரு சோதனைக் கணக்கு உண்டாக்கி, அதிலும் தேடினாள். வேலையில் தொடர்ந்தாள். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அந்தச் சோதனைக் கணக்கில் போய்ப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

சில மாதம் கழித்து, தெப்ராவில் ஒரு பேரங்காடியின் காய்கறிப் பகுதியில், சிறுமியோடு நின்ற ஒருத்தியின் முதுகு தெரிந்தது. ஷர்மினி போலிருந்தது. வாசுகி சாமான் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வேறு வழியாக வெளியே போனாள்.