ஒன்பதுகளாகிப் போன எண்

வேப்பிலையின் கசந்த மணமும் புதிதாய் அடித்த சுண்ணாம்பின் நெடியும் கலந்து வீசிய அறையில், எனக்குப் பத்து வயதான கோடையில், அம்மை போட்டு நானும் அந்துவானும் ஆளுக்கொரு பாயில் கிடந்தோம். அந்துவான் என் அத்தை மகன். பிரெஞ்சுப் பட்டாளத்து மாமாவைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்ட அத்தையை நாங்கள் அந்த ஊர் வழக்கத்தில் ‘தாந்த்’ என்றுதான் கூப்பிடுவோம். லீவுக்கு முத்தியால்பேட்டைக்கு வந்த இடத்தில் என்னிடமிருந்து அவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

சொறியக் கூடாது, வெளியே போகக் கூடாது. பொழுது போகாமல் அவன்தான் அந்த எண்ணை எடுத்தான்: 142857. அவனோடு படிக்கும் பையன் சொன்னதாம்.

“ரெண்டால பெருக்கிப் பாரு.”

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். 285714. அதே ஆறு இலக்கங்கள், இடம் மட்டும் மாறியிருந்தன. மூன்றால் பெருக்கினால் 428571. நான்கு, ஐந்து, ஆறு என்று போகப் போக ஓர் இலக்கம்கூட வெளியே போகவில்லை, புதிதாக ஒன்றும் உள்ளே வரவில்லை.

“ஏழால?” என்றேன். அது அவனுக்கும் தெரியாது. பெருக்கினேன். 999999.

நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். “அம்மை எறங்குற வரைக்கும் வூட்ல சத்தம் போடக் கூடாதுடி, எத்தினி வாட்டி சொல்றது!”

அந்துவான் வெளிறிப்போய்த் தாளையே பார்த்தான். “அது செத்துப் போச்சு” என்றான்.

அன்று சாயங்காலமே அவனுக்குக் காய்ச்சல் ஏறி, தமிழும் பிரெஞ்சுமாகப் பிதற்ற ஆரம்பித்தான். தாந்த் அழுதுகொண்டே ஆட்டோவில் கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். காலிப் பாயைப் பார்த்துக்கொண்டு கிடந்த எனக்கு, நாங்கள் அந்த எண்ணைச் சாகடித்ததால்தான் இப்படி ஆனது என்று திக்கென்றது. யாரிடம் சொல்வது?

மறுநாள் பயந்துகொண்டே எட்டால் பெருக்கினேன். 1142856. இலக்கம் ஒன்று கூடி, கடைசி 7 காணாமல் போயிருந்தது. அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே பார்த்தபோதுதான், முன்னால் துருத்திக்கொண்டு நின்ற 1 கண்ணில் பட்டது. அதை எடுத்துக் கடைசி 6-உடன் கூட்டினேன். 142857. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அப்பா கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “அப்பா, அது சாகலன்னு அவங்கிட்ட சொல்லுப்பா. எட்டால பெருக்கி, மொத ஒன்ன எடுத்து மிச்சத்தோட கூட்டச் சொல்லு!”

ஜுரத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, “சிரிச்சாம்மா. ஜுரம் வுட்டுடுச்சு” என்றார்.

ஒன்றை ஏழால் வகுத்தால் புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஆறு இலக்கங்கள்தான் என்பதைப் பிறகு கல்லூரியில் தெரிந்துகொண்டேன். காரணம் தெரிந்தது, அந்தப் பழைய திடுக்கிடல் மட்டும் திரும்ப வரவில்லை. அந்த வீட்டையும் இடித்து மாடி கட்டியாயிற்று.

இத்தனை வருஷம் கழித்து, போன பொங்கலுக்கு அந்துவான் மனைவியோடும் தாந்த்தோடும் வந்தான். நல்ல உயரம், மாமாவின் முகம். வாசலுக்கு ஓடிப்போய், “எப்பிடிடா இருக்க?” என்று கேட்டேன். புரியாமல் சிரித்தபடி தாந்த்தின் முகத்தைப் பார்த்தான். அவள் என் கேள்வியை அவனுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.