நூற்று இருபத்தெட்டாவது கம்பம்

மின்சார மீட்டரைப் படிப்பதற்கு முன் அவர் கண்ணாடியை விரல் கணுவால் இரண்டு முறை தட்டுவார், உள்ளே யாரோ தூங்குவதுபோல. பிறகு உள்ளங்கையை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்து எண்ணை வாய்விட்டுப் படிப்பார். கண்ணை மூடி இன்னொரு முறை சொல்வார். திறந்து சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுவார். கடைசியில் சிவப்புக் கட்டத்துக்குள் ஓடும் இலக்கத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். அது பத்தில் ஒரு பங்கு, கணக்கில் வராது. மாடிப்படிக்கு அடியிலும், குரைக்கும் நாய்க்கும் பூட்டிய கேட்டுக்கும் நடுவிலும் பத்தொன்பது வருஷம் இப்படிப் படித்ததில், சிவப்பில் எழுதிய எதுவும் அவர் கண்ணுக்கு எண்ணாகவே தெரியாமல் போய்விட்டது.

எல்லோருக்கும் அவர் மீட்டர்தான். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீட்டர் கற்களைப் படிக்கப் போவார். கல்லறைச் சுற்று என்று அதற்குப் பெயர். காலை எட்டு மணிக்குப் பேருந்துப் பணிமனை வாசலில் பதினைந்து கார்கள் வந்து நிற்கும். வண்டிக்கு ஒரு புதிர்த்தாள். சுற்றியுள்ள கிராமங்களின் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய், புதிர் சொல்லும் கல்லைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஓர் எண்ணை எடுக்க வேண்டும். எல்லா எண்களையும் கூட்டினால் கடைசி இடம் எதுவென்று தெரியும். அங்கே பச்சைக் கொடியோடு புதிர் போட்டவர் காத்திருப்பார். பன்னிரண்டு மணிக்குக் கொடியை இறக்கிவிடுவார். வேகமாக ஓட்டினால் வெளியேற்றம். கேட்டுக்குள் ஓடக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு விளக்குமாறு கட்டாயம், எண் எடுத்த கல்லைப் பெருக்காமல் யாரும் கிளம்பக் கூடாது. கடைசியாக வருகிறவர்களுக்குப் பெருக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அவர்கள் பக்கத்துக் கல்லைப் பெருக்குவார்கள். மீட்டர் பதினோரு வருஷமாகப் பக்கத்துக் கல்லைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தார்.

காரணம், ஒரு வீட்டைக்கூட விடாமல் படித்துப் பழகியவரால் ஒரு கல்லையும் தாண்டிப் போக முடியாது.

ஜெயித்தவருக்குக் கோப்பையோ பதக்கமோ இல்லை. அடுத்த வருஷம் புதிர் போடும் உரிமைதான் பரிசு. அந்த உரிமையைத் தையற்காரரும் மருந்துக்கடைக்காரரும் ஒரே நாற்காலியில் மாற்றி மாற்றி உட்கார்வதுபோல வைத்திருந்தார்கள். இந்த வருஷம் தையற்காரர் முறை.

மீட்டருக்கும் அந்த நாற்காலி ஒரே ஒரு வருஷம் வேண்டியிருந்தது. நீர்த்தேக்கத்துச் சாலையில், நீரேற்று நிலையத்துக்குப் பின்னால், முட்செடிக்குள் பதினோரு கற்கள் இருக்கின்றன. அணை கட்டும்போது இறந்துபோனவர்கள். கல்லில் பெயர்கூட இல்லை. செய்த வேலையும் வயதும் மட்டும்தான். நீரேற்று நிலையத்து மீட்டரைப் படிக்கப் போகும் இவரைத் தவிர அங்கே யாரும் கால் வைப்பதில்லை. ஒருநாளாவது பதினைந்து கார்களையும் அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்கான புதிர் எப்போதோ தயார். ஜெயிப்பதுதான் பாக்கி.

மனைவிக்கு வண்டி திரும்பினாலே வயிறு திரும்பும். அதனால் காரை ஓட்டுவது அவளுடைய தங்கை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள், ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தவள்.

"அத்தான், இந்த வருஷம் ஒரு தோட்டத்துக்கு ஒரு கல்லுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து படிச்சீங்க, அங்கயே விட்டுட்டு வந்துருவேன்."

"அக்கா கேட்டா என்ன சொல்லுவ?"

"பத்திரமான இடத்துலதான் விட்டிருக்கேன்னு சொல்லுவேன்."

முதல் புதிர்: ஒரே போர்வைக்குள் இருவர், முன்னால் படுத்தவர் எத்தனை வருஷம் காத்திருந்தார்? கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே கல். இரண்டு தேதிக்கும் நடுவே முப்பத்தொன்று. அடுத்த தோட்டத்தில் இருபது, அதற்கடுத்ததில் நாற்பத்திரண்டு. மீட்டர் ஒவ்வொரு முறையும் அடுத்த கல் பக்கம் கழுத்தை நீட்டினார். மைத்துனி ஒவ்வொரு முறையும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

நான்காவதும் கடைசியுமான தோட்டத்துக்குள் நுழைந்தபோது ஏழெட்டுக் கார்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

"என்ன மீட்டரு, சாயங்காலம்தான வருவ? வழி தவறிச் சீக்கிரம் வந்துட்டியா?"

"நீங்க பெருக்கி முடிங்கண்ணே, உங்களுக்குத் தூசி அலர்ஜி."

புதிர் இது: ஓடி ஓடி நின்றவர் கடைசியாகக் காட்டிய எண் என்ன? இறுதி இரண்டு இலக்கம் போதும். அது ஒரு லாரி ஓட்டுநரின் கல். வண்டியின் கிலோமீட்டர் கட்டத்தை அப்படியே செதுக்கி வைத்திருந்தார்கள் பிள்ளைகள். நாலு, சைபர், ஏழு, மூன்று, ஐந்து, கடைசியில் சிவப்பு வண்ணத்தில் ஓர் ஆறு. மீட்டர் குனிந்தார். நாற்பதாயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து என்று படித்தார். கண்ணை மூடினார், சொன்னார், திறந்தார், சரிபார்த்தார். முப்பத்தைந்து என்று எழுதினார்.

மைத்துனி அப்போது வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மீட்டர் கல்லைப் பெருக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். கூட்டல் தொகை, நீர்த்தேக்கத்துச் சாலையில் உள்ள மின்கம்பத்தின் எண் என்று தாள் சொன்னது. கூட்டினார். நூற்று இருபத்தெட்டு.

நூற்று இருபத்தெட்டாவது கம்பம் நீரேற்று நிலையத்து வாசலில் நிற்கிறது.

"தையற்காரர் கண்டுபிடிச்சிட்டாரும்மா. எனக்கு முன்னாடி அவரு அந்த எடத்தைக் கண்டுபிடிச்சிட்டாரு!"

"அழுறீங்களா சிரிக்கிறீங்களா? முன்னாடி கண்ணாடியில சரியாத் தெரியல."

"ரெண்டும்தான். நீ ஓட்டு."

மற்றவர்கள் ஒவ்வொரு கம்பத்திலும் நின்று தகரத்தில் எழுதிய எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும். மீட்டருக்கு எல்லாக் கம்பமும் மனப்பாடம். கார் ஓரிடத்திலும் தயங்காமல் போவதைப் பார்த்து மருந்துக்கடைக்காரரின் வண்டி பின்னால் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. மேட்டில் ஏறும்போது மைத்துனி கண்ணாடியைப் பார்த்தாள்.

"அத்தான், கல்யாண ஊர்வலம் மாதிரி வர்றாங்க."

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் கொடியும் இல்லை, தையற்காரரும் இல்லை. முட்செடியும் பதினோரு கற்களும் இருந்தன. பதினான்கு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கொடியை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று எல்லோரும் இறங்கித் தேட ஆரம்பித்தார்கள். செடியை விலக்கினார்கள். விலக்கிய இடத்தில் கல் தெரிந்தது. கல் தெரிந்ததும் பழக்கதோஷத்தில் விளக்குமாறுகள் இறங்கின.

"வெடி வைக்கிறவர், இருபத்தாறு" என்று மருந்துக்கடைக்காரர் உரக்கப் படித்தார். "இங்க ஒரு தச்சர். நாப்பது." "இது சமையல்காரர். ஐம்பத்தொண்ணு."

"அணை வேலையில சமையல்காரர் எப்படிச் செத்தாரு?"

"அவரு சமைச்சதை அவரே சாப்பிட்டிருப்பாரு."

அந்த வெயிலில் அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரோ ஒரு பிளாஸ்க்கைத் திறந்தார்கள். இதுவரை மீட்டர் மட்டும் படித்த வரிகளை நாற்பது வாய்கள் படித்துக்கொண்டிருந்தன.

பன்னிரண்டேகாலுக்குத் தையற்காரர் வந்து சேர்ந்தார். மடித்த கொடி கக்கத்தில் இருந்தது.

"மலைவளைவுக்கு அந்தப் பக்கம் நான் ஒத்த ஆளா உக்காந்திருக்கேன், இங்க என்ன கூட்டம்? நூத்தி நாப்பத்தொம்பதுய்யா! லாரிக்காரர் கல்லுல அம்பத்தாறு!"

"முப்பத்தஞ்சு" என்றார் மீட்டர்.

"எப்படி?"

"செவப்பு கணக்குல வராதே."

முதலில் மைத்துனிதான் வெடித்துச் சிரித்தாள். காரின் பானெட்டில் சாய்ந்து, மூச்சு வாங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினதுக்கா கல்லுல செதுக்குவாங்க?" தையற்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நாலு லட்சம்யா! சரி, இவருதான் மீட்டரு. மத்தவங்களுக்கு என்ன? ஒருத்தருமா கூட்டிப் பார்க்கல?"

"கூட்டறதுக்கு எங்க நேரம்?" என்றார் மருந்துக்கடைக்காரர், டீயைப் பார்த்தபடி. "இவரு போனாரு, வந்தோம்."

தையற்காரர் எல்லாத் தாள்களையும் வாங்கிக் கட்டினார். கற்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சமையல்காரரின் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஜெயிச்சவங்க யாரும் இல்ல. ஆனா அடுத்த வருஷம் யாராவது புதிர் போட்டாகணும். ஊரையே தப்பான கம்பத்துக்குக் கூட்டிட்டு வந்தாரே, அவருதான் போடணும். பரிசு இல்ல, தண்டனை."

மீட்டர் தண்டனையை ஏற்றுக்கொண்டார். மைத்துனி விதியை மீறி ஒரு முறை ஹாரன் அடித்தாள். அதைக் கேட்டு மற்ற பதினான்கு வண்டிகளும் அடித்தன.

பழைய விடைத்தாள்களைப் புதிர் போடுகிறவரிடம் ஒப்படைப்பது வழக்கம். எது யாருக்குக் கடினமாக இருந்தது என்று பார்த்துக்கொள்ள. அடுத்த வாரம் தையற்காரர் அந்தக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் மீட்டர் அதைப் பிரித்தபோதுதான் தெரிந்தது: தன்னுடையது போக மற்ற பதினான்கு தாள்களில் ஒன்பதில் முதலில் 149 என்று சரியாக எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 128 என்று எழுதியிருந்தார்கள். கூட்ட நேரமில்லை என்ற மருந்துக்கடைக்காரர் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார்.