பிள்ளையார் ஒட்டாத இடம்

புனேயில், கராடியில் வசிக்கும் கோவைக்காரன் நான். கோந்த்வாவில் ஒருவர், புது இன்ஜின் போட்டு மாற்றியமைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பதாகக் கேள்விப்பட்டு மனைவியுடன் போனேன். பளபளவென்ற சிவப்பு. இருவரும் ஏறி, நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டி ஓட்டிப் பார்த்ததுமே மயங்கிவிட்டேன்.

"ஏக்தம் கடக் காடி, சர்!" என்று, படு அட்டகாசமான வண்டி என இந்தியில் மெச்சிக்கொண்டார் விற்பவர்.

குனிந்து அடியில்கூடப் பார்க்காமல் சம்மதம் சொன்னேன். நல்ல நேரம் முடிவதற்குள் வைத்துவிட வேண்டுமென்று, மனைவி பையிலிருந்து காந்தம் வைத்த பிள்ளையாரை எடுத்தாள். டாஷ்போர்டு மரம் என்பதால் முன்கண்ணாடியின் ஓரத் தூணில் வைத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"ஏனுங்க, ஒட்டவே மாட்டேங்குதுங்க. எனக்கு என்னமோ சரியாப் படலைங்க."

"காந்தம் போயிருக்கும்" என்று அதை வாங்கி பானெட்டில் வைத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது. விற்பவரின் சிரிப்பு நின்றது.

தூணைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பெயின்ட் வெடித்து, ஓட்டையை மறைக்கப் பூசியிருந்த பட்டி உதிர்ந்தது. உள்ளே இரும்பே இல்லை, துருத்தூள்தான். கூரையைத் தாங்குவது அந்தத் தூண். அதை நம்பித்தான் சற்று முன் பறந்திருக்கிறோம்.

இப்போதெல்லாம் எந்தப் பழைய காரையும் பிள்ளையார்தான் முதலில் சுற்றி வருகிறார். அவர் விழுந்தால், நான் சாவியைக்கூடத் தொடுவதில்லை.