உப்புத் தட்டில் எழுதிய ‘ஜெ’

அப்பா, நீங்கள் கொடுமைக்காரர்.

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில், எங்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வேதாகமமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தீர்கள். தட்டில் கல்லுப்பைப் பரப்பி, அதில் விரலால் எழுதச் சொல்வீர்கள். ஒருநாள் ஐந்து வயதுத் தங்கை, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகளைப் போல, நம் சபையில் சொல்லும் ‘ஜெபம்’ என்பதைச் ‘செபம்’ என்றாள்.

“அப்போ அவங்க வீட்லயே போய் இருந்துக்கடி. ‘ஜெ’ எழுது, நூறு தடவை.”

விரல் நுனி தேய்ந்து உப்பு சிவந்தது.

“எரியுதுப்பா.”

“எரியட்டும். அப்பத்தான் நாக்கு திருந்தும்.”

அதன்பின் அவள் ஜெபத்தில் வாய் திறக்கவில்லை. பிறகு பேச்சே நின்றுபோனது. நீங்களோ இன்றும் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சபையில் சாட்சி சொல்கிறீர்கள். வரும் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, அவள் ஏன் பேசுவதில்லை என்பதையும் எல்லார் முன்பும் சொல்லுங்கள்.