பிளேன்டீ முடியிறதுக்குள்ள

போலீஸ் வேலைக்குக் கையில பலம் வேணும்னு சொல்லுவாங்க, ஆனா எங்களுக்கு முதல்ல தேஞ்சு போறது தொண்டைதான். கோவத்துல நிக்கிற ஆளச் சமாதானம் பண்ணப் போய் வாங்கிக் கட்டிக்கிட்ட பஸ் கண்டக்டர்மாரே, டீச்சர்மாரே, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல மாட்டுன ஆம்பளைங்களே, நீங்களும் நம்ம கட்சிதான், கேளுங்க.

பசறைப் பக்கம் ஒரு ஸ்டேஷன்ல நான் சார்ஜன்ட். தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவ. தமிழ்ல சண்டை வந்தா என்னையத்தான் முன்னால அனுப்புவாங்க. ஸ்டேஷனுக்குப் பொறுப்பான எங்க ஓ.ஐ.சி. ஐயா நல்ல மனுசன், பொறுமைதான் கொஞ்சம் கம்மி. ஜீப்புல உக்காந்தபடியே ஃபிளாஸ்க்கத் திறந்து பாலில்லாத பிளேன்டீ ஒண்ணு ஊத்திக்குவாரு. அது முடியிறதுக்குள்ள நான் பேசி முடிக்கணும். இல்லன்னா பொல்லு தடியோட நாலு பேர் இறங்குவாங்க. அப்புறம் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலையும்.

மூத்தவர் முதல்ல

சம்பளத்தன்னைக்குச் சாயங்காலம் தவறணைச் சாராயக்கடை வாசல்ல ரெண்டு பெரிய மனுசங்க ஒருத்தர் சட்டைய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ரெண்டு பேரும் சம்பந்திங்க வேற. விடுங்கன்னு கத்துனா விடுவாங்களா? காலி சோடாப் பெட்டி ஒண்ணக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டேன். "எனக்குக் காலு வலிக்குது. ஒவ்வொருத்தரா சொல்லுங்க, மூத்தவர் முதல்ல"ன்னேன். யார் மூத்தவர்னு பேசுறதுக்காக சட்டைய விட்டாங்க.

மூத்தவர், பிள்ளைங்க கல்யாணப் பந்தியில தன்னைய ரெண்டாவதா உக்கார வச்சதுல இருந்து ஆரம்பிச்சாரு. அவரு கதை பாயாசத்துக்கு வர்றதுக்குள்ள இளையவர் சுவத்துல சாஞ்சு குறட்டை விட்டுட்டாரு. சரி, அவர் பக்கத்தையும் கேப்போம்னு எழுப்பப் போனேன். மூத்தவர் பதறிட்டாரு. "வேணாம் மிஸ், அவரு எழும்புனா நான் மறுபடி கோவப்படணும்."

பண்டாரவோட ஒரே கேள்வி

எங்க கான்ஸ்டபிள் பண்டார சிங்கள ஆளு, கதவு மறைக்கிற உருவம். அவருக்கு நல்லாத் தெரிஞ்ச தமிழ் ஒண்ணே ஒண்ணுதான்: "சாப்பிட்டாச்சா?" தோட்டத்துல யாரப் பாத்தாலும் எல்லாரும் இதக் கேக்குறதப் பாத்து, சட்டத்துல உள்ளதாக்கும்னு நினைச்சுக்கிட்டாரோ என்னமோ.

ஒருநாள் பசறை டவுன்ல ஒரு துணிக்கடைக் கண்ணாடிய உடைச்சுட்டு, ஷட்டர் இழுக்கிற கம்பியோட ஒரு பையன் நிக்கிறான். தங்கச்சிக்கு எடுத்த கூறைச் சேலையில சாயம் இறங்கிருச்சாம், மாத்திக் குடுக்கல்லையாம். பண்டார நேராப் போய் அவன் முன்னால நின்னு, "சாப்பிட்டாச்சா?"ன்னாரு. அவன் முழிச்சான். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல்லன்னு சொல்லி, கம்பியக் கீழ போட்டுட்டு விக்கி விக்கி அழுதான். கடைக்கார முஸ்லிம் நானாவே பக்கத்துல ஆளனுப்பிக் கொத்துரொட்டி எடுத்துக் குடுத்து, வேற சேலையும் எடுத்து வச்சாரு. அப்புறம் தலையில கைய வச்சுக்கிட்டு என்னையப் பாத்தாரு. "கண்ணாடிய உடைச்சவனுக்கு விருந்து வச்ச ஒரே யாவாரி இந்த ஊர்ல நான்தான் மிஸ்."

பைப்பில தண்ணி

இன்னொரு நாள் ஒரு தோட்டத்துல, முனியாண்டி அண்ணன் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட தன் தம்பியோட காம்பரா வீட்டு வாசல்ல நிக்கிறாரு. தம்பி சமைக்கிற குசினிச் சுவர இவரு மரக்கறிப் பாத்திக்குள்ள இழுத்துக் கட்டிட்டாராம். உள்ள தம்பி கதவத் தாழ்ப்பாள் போட்டுட்டாரு. அண்ணன் சம்சாரம் புஷ்பம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "கேஸாயிட்டா வேலை போயிரும் மிஸ், லயத்த விட்டு எங்க போவோம்?"னு கதறுது.

நான் என்னென்னமோ பேசிப் பாத்தேன். அவரு ஒவ்வொரு தடவ கத்துறதுக்கு முன்னாலயும் சுத்தி நிக்கிற சனத்த ஒரு பார்வை பாக்குறாரு. அப்பத்தான் புரிஞ்சுது. லயம் பூரா வேடிக்கை பாக்குறப்ப மனுசன் எந்த முகத்தோட கத்திய இறக்குவாரு? திரும்பிப் பாத்தா, ஜீப்புல ஐயா பிளேன்டீக் கோப்பைய அண்ணாந்து கவுக்குறாரு! அந்த வாரம் முழுக்க லயத்துல தண்ணி இல்லங்குறது மட்டும் ஞாபகத்துக்கு வந்துச்சு. "ஏய், பைப்பில தண்ணி வந்துருச்சு!"ன்னு அடித்தொண்டையில கத்துனேன்.

அவ்வளவுதான். குடமும் வாளியுமா ஒரு சனம் இல்லாம ஓடிருச்சு, புஷ்பமும்தான். முனியாண்டி அண்ணன் தவிச்சுப் போய், "பெரிய வாளி எங்க வீட்டுக்குள்ளல்ல இருக்கு"ன்னாரு. "கத்திய என்கிட்டக் குடுத்துட்டு ஓடுங்கண்ணே, கடைசி ஆளாயிருவீங்க"ன்னேன். பிடிய என் பக்கம் திருப்பிப் பதனமாக் குடுத்துட்டு ஓடுனாரு. கதவத் திறந்துக்கிட்டுத் தம்பியும் ரெண்டு வாளியோட பின்னாலயே ஓடுறாரு! நான் அந்தக் கத்தியோட படியில உக்காந்து அழுதே போட்டேன்.

பைப்பில காத்துதான் வந்துச்சு. லயமே திரும்பி வந்து என்னையப் பிச்சு எடுத்துருச்சு. முன்வரிசையில அண்ணனும் தம்பியும், காலி வாளியோட, தோளோட தோள் உரசிக்கிட்டு நிக்கிறாங்க. அண்ணன்தான் பேசுனாரு. "நாங்க அண்ணன் தம்பி இன்னைக்கு அடிச்சுக்குவோம் நாளைக்குச் சேந்துக்குவோம் மிஸ், ஆனா தண்ணி விசயத்துல பொய் சொல்றது ரொம்பப் பாவம்."

ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிறதுதான் எங்க வேலைங்குறதால, இன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு மேல உள்ளவங்க கேட்டா, ஒண்ணும் நடக்கல்லைங்க ஐயான்னுதான் சொல்ல வேண்டியிருக்கு.