பேப்பர் ஓரத்து வெள்ளை

பிரதர், நீங்கள் கத்தரித்துக் கொடுத்த காகிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பேப்பரின் ஓரத்தில் அச்சு விழாமல் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை இருக்குமே, அந்தத் துண்டு. அதில் உங்கள் கோணல் எழுத்தில் "காலை, மாலை" என்று எழுதி, மருந்துப் பொட்டலத்தோடு என் கையில் வைத்தீர்கள். மருந்து தீர்ந்தது, என் காய்ச்சலும் போனது. காகிதத்தை எறிய மட்டும் மனசு வரவில்லை. நீங்கள் போன பிறகு அதை எடுத்துப் பார்க்காத நாள் இல்லை.

படிக்கிறவர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டும். சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே மாந்தோப்புக்குள் மிஷன் வைத்தியசாலை. அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பொடி கலந்து கொடுப்பது, வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது எல்லாம் பிரதர்தான். செக் தேசத்துக் கிறிஸ்தவச் சாமியார். ஊரில் எல்லாரும் துரை என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. "நான் துரை இல்லீங்க. எங்க ஊருக்கே வேற துரை வந்து உக்காந்துட்டான்" என்று சிரிப்பார். நான் தமுக்கு அடிக்கிறவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்பாவுக்குப் பிறகு தமுக்கு என் தோளில் ஏறியது. மணியக்காரர் சொல்லி அனுப்புவதைத் தெருத்தெருவாகப் போய்த் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்குத்தான் எங்கள் வீட்டுக்கு வருஷக் கேழ்வரகு, குடிசைக்கு இடம். வாயை மூடிக்கொண்டால் இரண்டும் போய்விடும்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தபோதுதான் முதலில் அவரிடம் போனேன். தோளில் தமுக்கைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க எடிட்டர்! இன்னிக்கு என்ன நியூஸ்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாங்க பிரதர், பேப்பர்ல ரெண்டு வரி படிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கும். நான் எடிட்டரா?" என்றேன். "ஊருக்குச் சொல்றது நீங்கதானே? நானும் அந்த வேலைதான் பார்த்தேன்" என்றார். அன்றிலிருந்து கடைசி வரைக்கும் நான் அவருக்கு எடிட்டர்தான்.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் பழைய பேப்பரைக் கத்தரித்துப் பொட்டலம் மடிப்போம். அப்போதுதான் அவருடைய கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். யுத்தத்தின்போது அவர் இன்னும் சாமியார் மடத்தில் சேரவில்லை. தன் ஊரில் ஒரு செய்தித்தாள் ஆபீசில் அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். ஊரை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டான். பேப்பரை மூடவில்லை. பேர் அதே பேர், எழுத்து அதே எழுத்து, விலை அதே விலை. ஆனால் தினமும் ஜெர்மன்காரர்கள் ஆபீசிலிருந்து உத்தரவு வரும். எதைப் போட வேண்டும், எந்தப் பக்கத்தில், தலைப்பு எவ்வளவு பெரிசாக, எந்த வார்த்தையில் என்று எல்லாமே உத்தரவில் இருக்கும். பேப்பர்காரர்கள் போட நினைத்ததைப் பார்த்து அடித்துவிடுவார்கள். அடித்த இடத்தைக் காலியாகவும் விடக்கூடாது. வெள்ளையாக விட்டால் எதையோ எடுத்திருக்கிறார்கள் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடுமே.

"அப்புறம் என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"உருளைக்கிழங்கு! உருளைக்கிழங்கு எப்படிச் சமைக்கணும்னு போடுவோம். ஒரு நாள் பேப்பர் பூரா உருளைக்கிழங்கு. ஜனங்க அதைப் பாத்துட்டு, இன்னிக்கு ஏதோ பெரிய விஷயம் நடந்திருக்குன்னு பேசிக்குவாங்க."

யுத்தச் செய்தியையும் சொல்லுவார். தினமும் ஜெர்மன்காரனுக்கு ஜெயம்தானாம். "இந்த ஊர்ல ஜெயம், அந்த ஊர்ல ஜெயம்னு நாங்க கோப்போம். ஆனா பாருங்க எடிட்டர், ஜெயிச்ச ஊரெல்லாம் தினமும் எங்க ஊர்ப் பக்கமாவே வந்துக்கிட்டிருந்தது." இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கூடவே வேலை பார்த்த சிநேகிதன் ஒருவனைச் சுட்டுவிட்டார்களாம். அவன் பேரைத் துரோகி என்று போடச் சொல்லி உத்தரவு வந்தது. இவர்தான் அந்த எழுத்துகளைக் கோத்தார். "ஒரு பிழை இல்லாமக் கோத்தேன்" என்றார். கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தார். பேப்பரின் ஓரத்து வெள்ளையைத் தனியாக நறுக்கி எடுத்து மருந்து வேளை எழுதும் வழக்கம் ஏன் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "பேப்பர்ல பொய் சொல்லாத இடம் இது ஒண்ணுதான்" என்றார்.

அந்த வருஷக் கோடையில் எங்கள் தெருவில் வாந்திபேதி வந்தது. காலையில் தண்ணீர் எடுக்கப் போனவள் பொழுது சாய்வதற்குள் பாடையில் போனாள். மறுநாள் அவள் கொழுந்தன். பிரதர் வந்து பார்த்துவிட்டு, குளத்துத் தண்ணீரில்தான் நோய் இருக்கிறது, காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னார். ஆனால் அடுத்த வாரம் மாரியம்மன் திருவிழா, கூடவே மாட்டுச் சந்தை. ஜூஜுவாடி தாண்டிக் கன்னடத்துப் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து அந்தக் குளத்தைச் சுற்றித்தான் இறங்குவார்கள். நோய் என்று தெரிந்தால் சர்க்கார் சந்தையை நிறுத்திவிடும். சந்தைக் குத்தகை மணியக்காரருடையது.

மணியக்காரர் என்னைக் கூப்பிட்டு, "ஊர்ல ஒரு நோயும் இல்ல. குளத்துத் தண்ணி நல்ல தண்ணி. ஜனங்க பயப்படாம திருவிழாவுக்கு வரலாம். இதான்டா சேதி. மூணு பாஷைலயும் சொல்லு. ஒரு வார்த்தை கொறைஞ்சுது, குடிசையைப் பிரிச்சுக்கினு போய்டு" என்றார்.

நான் நேராக மாந்தோப்புக்கு ஓடினேன். "நான் என்னா பண்ணட்டும், சொல்லுங்க பிரதர்" என்று அழுதேன். அவர் ஒரு கிழவருக்கு உப்புத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "நான் சொல்ல மாட்டேன் எடிட்டர். சொன்னா நான் உங்களுக்கு இன்னொரு மணியக்காரர் ஆயிடுவேன். நீங்க எது செஞ்சாலும் இங்க உங்களுக்குச் சாப்பாடு இருக்கு" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. வழி சொல்லாமல் சோற்றைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்தேன்.

தமுக்கை மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் சேதிக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சின்னப் பிள்ளைக்குக்கூட எது எதுவென்று தெரியும். குச்சியைத் தூக்கினேன். செத்துப்போன அந்த அக்காவின் முகம் வந்தது. கை சாவு அடியை அடித்தது. வாய் மணியக்காரர் சொன்னதைச் சொன்னது. ஒரு வார்த்தை குறையவில்லை. ஊரில் ஒரு நோயும் இல்லை, சாவு அடி. குளத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர், சாவு அடி.

இடுப்பில் நிறைகுடத்தோடு கரையேறிய ஒரு அக்கா நின்றுவிட்டாள். "ஏன்டா, நல்ல தண்ணிங்கற, எழவு அடி அடிக்கற? குடிச்சிட்டு வந்தியா?"

"சொல்லச் சொன்னதைத்தான் சொல்றேன்க்கா."

"அப்ப அடிக்கறது?"

"கை அப்படித்தான் போவுது."

குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். மூன்று பாஷை பேசும் ஊரில் அந்த அடிக்கு மட்டும் மூன்று பாஷை தேவைப்படவில்லை. முன்னாலேயே வந்து இறங்கியிருந்த கன்னடத்து வண்டிக்காரர்கள் மாட்டைப் பூட்டித் திரும்பிப் போனார்கள்.

மணியக்காரர் என்னைச் சாவடிக்கு இழுத்துவரச் சொன்னார். தலையாரி என் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தான். "என்னா அடிடா அது?" என்று அவர் செருப்பைக் கழற்றும்போது பிரதர் வந்துவிட்டார். சட்டையெல்லாம் நோயாளிகளின் வாந்தி. "மணியக்காரரே, இவர் நீங்க சொன்ன எல்லா வார்த்தையும் சொன்னார். நான் கேட்டேன். ஒண்ணும் குறையல. நானும் எங்க ஊர்ல உத்தரவுப்படி எல்லாம் கோத்தேன். எனக்குத் தமுக்கு இல்லாமப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். சாவடி வாசலில் என்னை 'இவர்' என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. செருப்பு கீழே விழுந்தது. தமுக்கை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அடுத்த அறுப்பு வரைக்கும் வைத்தியசாலையில் தண்ணீர் காய்ச்சினேன். பிரதர் சொன்னபடி சாப்பாடு இருந்தது. என்னோடு உட்கார்ந்துதான் அவரும் சாப்பிடுவார். அவர் சோறு என்று சொன்னது எவ்வளவு பெரிய வழி என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பதிலாக வந்த பையனுக்குக் கன்னடம் வராது. அவன் சொல்லுவதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. கடைசியில் மணியக்காரரே, "எடுத்துக்கினு போடா, மானத்தை வாங்கறான்" என்று தமுக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

யுத்தம் முடிந்து இங்கே வந்த பிரதரால் அப்புறம் தன் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அங்கே வேறு ஆட்சி வந்து அவருடைய மடத்தையும் மூடிவிட்டதாம். அங்கிருந்து எப்போதாவது வரும் கடிதம் பிரித்து ஒட்டித்தான் வரும். "இன்னும் படிக்கிறாங்க" என்பார். இந்த மாங்காய்ப் பருவத்தில் அவருக்கே காய்ச்சல் வந்தது. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டினோம். தோப்பைத் தாண்டுவதற்குள் போய்விட்டார்.

அதை ஊருக்குச் சொல்லுவது என் வேலை. மணியக்காரர் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நானாகவே தமுக்கை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாவு அடி அடித்து, "நம்ம பிரதர் போயிட்டாரு" என்றேன். தமிழில் சொன்னேன். தெலுங்கில் சொன்னேன். கன்னடத்தில் சொல்ல வாய் வரவில்லை. என் ஆயுசில் அன்றைக்குத்தான் அடியும் வார்த்தையும் எனக்குச் சொந்தமாக இருந்தன. குடத்தைக் கவிழ்த்த அந்த அக்கா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதை நான் எழுத்துக் கூட்டி எழுதிய தாளிலும் ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெள்ளை விட்டிருக்கிறேன், பிரதர். அது உங்கள் இடம். சட்டைப் பையில் இருக்கிற துண்டில் 'காலை, மாலை' மங்கிக்கொண்டு வருகிறது. படிக்கிறவர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, எங்கள் பிரதருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.