வெட்டுவதற்கு இடம் விட்ட படம்

2025 மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்திற்கு என் அத்தை மூன்று பிஸ்கட் டின்களைக் கூடத்துப் பாயின் மேல் கவிழ்த்தார். நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், உத்திரமேரூருக்குத் திரும்பும் ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று அப்போது கைப்பேசியைப் பார்த்து நினைத்துக்கொண்டதுதான். அந்தப் பேருந்தையும் அதற்கடுத்ததையும் நான் பிடிக்கவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் நான்கு ஆண்டுகளாகப் பெருநகர் கிராமத்தில் தனியாக இருந்தவர், மறுவாரம் செங்கல்பட்டில் மகன் வீட்டுக்குக் குடிபோக இருந்தார். அது இரண்டு அறை வாடகை வீடு. தன் பொருள்களால் அங்கே யாருக்கும் இடைஞ்சல் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். படங்களுக்கு ஒரே ஒரு டின் என்று அவரே முடிவு செய்துவிட்டு, விடுமுறையில் இருந்த என்னை வந்து அவற்றைப் பிரித்துத் தரச் சொன்னார்.

"நீ படிச்ச பொண்ணு. ஒழுங்கா பிரிப்ப" என்றார்.

ஒழுங்காகத்தான் பிரித்தேன். மங்கியவற்றையும், ஒன்றுபோல் இரண்டு இருந்தவற்றையும் வலப்புறம் ஒதுக்கினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்த படங்களும் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவற்றையும் அங்கேயே வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமான பின் யாரும் தனியாக நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. ஆயுள் குறையும் என்பார்கள். அதனால் ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஏதேனும் ஒரு கும்பல் படத்திலிருந்து அவர் முகத்தைப் பிளேடால் வெட்டியெடுத்து ஸ்டூடியோவில் கொடுப்பார்கள். அங்கே ஆண்களுக்குக் கோட்டும் டையும், பெண்களுக்குப் பட்டுப்புடவையும் தயாராக இருக்கும். முகத்தை அதன் மேல் பொருத்திப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவார்கள். வாழ்நாள் முழுக்க நாலு முழ வேட்டியும் தோள் துண்டுமாக வயலில் நின்ற என் மாமா, கூடத்துச் சுவரில் நீலக் கோட்டு அணிந்திருக்கிறார்.

"டெய்லி பாக்கறேன். இந்த மனுசன் எந்த ஆபீசுக்குக் கெளம்பிக்கினு கீறாருன்னே தெரியல" என்றார் அத்தை. பிறகு வலப்புறக் குவியலைக் கவனித்தவர், ஓட்டை விழுந்த படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார்.

"இதெல்லாம் இன்னாத்துக்குடி ஒதுக்கின?"

"முகமே இல்லையே அத்தை."

"மொகம் இல்லன்னா ஆளு இல்லயா? இந்தக் கையப் பாரு."

ஒரு காதுகுத்தில் எடுத்த படம். மொட்டையடித்த குழந்தையின் தோளில் ஒரு கை இருந்தது. அதன் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"களத்துல மூட்ட வுழுந்து நசுங்கின வெரலு. துண்டு பாத்தியா, எப்பவும் எடது தோள்லதான் போடுவாரு. செவுத்துல தொங்கறது தல மட்டுந்தான். மிச்ச மனுசன் இதுலதான கீறாரு."

என் தவறு எனக்குப் புரிந்தது. சுவரில் இருந்தது மாமாவின் முகமும் யாரோ ஒருவரின் உடம்பும். அவருடைய உடம்பை நான் வேண்டாத பக்கம் சேர்த்திருந்தேன். அத்தை அந்தப் படங்கள் அனைத்தையும் டின்னுக்குள் முதலில் வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப எனுக்கு ஒண்ணு தேடு. நான் பூட்டா, கைக்கு எது கெடைக்குதோ அத வெட்டிடுவானுங்க. என் புள்ள ஆதார் கார்டு படத்தக் குடுத்தாலும் குடுப்பான், அதுல திருடி மாதிரி கீறேன். எவளோ கட்டின பொடவையில என் தலய ஒட்டி மாட்டுவானுங்க. வேணாம்டி. நான் நானா கீற மாதிரி ஒண்ணு வேணும். அது கெடச்சாத்தான் நிம்மதியா வண்டி ஏறுவேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். அத்தை பல படங்களில் இருந்தார். ஆனால் ஆரத்தித் தட்டுக்குப் பின்னால் பாதியாக இருந்தார், பந்தியில் குனிந்திருந்தார், பிறர் குழந்தையைத் தூக்கிக் காட்டித் தன் முகத்தை அதன் பின்னால் வைத்திருந்தார். அகப்பட்டது ஒன்றே ஒன்று. திருமுக்கூடல் ஆற்று மணலில், புடவையை முழங்கால்வரை செருகிக்கொண்டு, நனைந்த தலையோடு இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஒருவர் அத்தை. மற்றவர் அவருடைய ஓரகத்தி, மாமாவின் தம்பி மனைவி. நான் சின்னத்தை என்று அழைப்பவர். கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்தது. ஒருவர் காதை அறுக்காமல் மற்றவரை எடுக்க முடியாது.

பக்கத்து வீட்டிலேயே இருக்கும் சின்னத்தை, தூக்குப் பாத்திரத்தில் டீ கொண்டுவந்தவர், படத்தை வாங்கிப் பார்த்தார்.

"யக்கோவ், இது என் படம். நீ ஓரமா கீற."

"நீதான்டி ஓரமா கீற. எனுக்குக் கடைசிக்கு ஒண்ணு தேடிக்கினு கீறேன். இத வெட்டினா உன் காது பூடும்."

"போவட்டும். நீ ஓதினதெல்லாம் கேட்டுக் கேட்டுத் தேஞ்ச காதுதான. இல்லன்னா முழுசா மாட்டச் சொல்லு."

"உனுக்கும் சேத்து மால போடுவானுங்க. உசுரோட தொங்குவியா?"

"தொங்கறேன், இன்னா இப்ப? வர்றவங்களுக்கு நானே டீ குடுத்து, செத்தது அவ, நான் இல்லன்னு சொல்லிக்கினு இருக்கறேன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவர் சின்னத்தைதான்.

"செங்கல்பட்டுல உனுக்கு யாருக்கா டீ எடுத்தாருவா?"

அத்தை முந்தானையால் படத்தைத் துடைத்தார்.

கம்ப்யூட்டரில் வெட்டாமலே பிரித்துவிடலாம் என்றேன். "கம்ப்யூட்டருன்னுதான் ஸ்டூடியோக்காரனும் சொன்னான். சொல்லிட்டுக் கோட்ட மாட்டினான்" என்றார் அத்தை. கைப்பேசியில் இப்போதே அவரை மட்டும் எடுக்கிறேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"தனியா வேணாம்டி. ஊரு வுட்டு ஊரு போற நேரத்துல."

சின்னத்தை டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார். "தனியா இன்னாத்துக்கு? நான் கீறேன்ல. நடுவுல எடம் வுட்டுக் குந்தறேன். வேணுங்கறப்ப வெட்டிக்கட்டும்."

தோட்டத்துக் கயிற்றுக் கட்டிலில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். புடவை மாற்றிக்கொள்ள அத்தை மறுத்துவிட்டார். தினமும் கட்டும் நீலக் கட்டம் போட்ட நூல் புடவையிலேயே இருந்தார். இன்னும் ஒரு சாண் தள்ளும்படி சின்னத்தையிடம் சொன்னேன். அத்தையோ விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"யக்கா, போலீசு ஸ்டேசன்ல குந்தன மாதிரி கீது. நான் ஒண்ணும் சாட்சி சொல்ல வர்ல."

அத்தை திரும்பி அவரைத் திட்ட வாயெடுத்து, சிரித்துவிட்டார். எடுத்தேன்.

திரையில் அந்தப் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்திலிருந்து அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது.

"கையும் வந்து கீது" என்றார்.

ஆற்றுப் படத்தை அவர் டின்னில் வைக்கவில்லை. ஓரகத்தியிடம் நீட்டினார். சின்னத்தை அதை வாங்கிக்கொண்டு, தூக்கை அங்கேயே மறந்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு உத்திரமேரூரில் ஸ்டூடியோ திறந்ததும் உள்ளே போய் இரண்டு பிரதிகள் கேட்டேன். கடைக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "நடுவுல எடம் வேஸ்ட்டா கீதே மேடம். ரெண்டு பேரையும் கிட்ட இழுத்து வெச்சிடவா?" என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். முன்பின் தெரியாதவரிடம் காரணம் சொல்ல எனக்கு வரவில்லை. பிரதிகள் வந்ததும், அத்தையுடைய உறையின் பின்புறம், "புடவையை மாற்றக்கூடாது" என்று எழுதினேன். பிறகு பெருநகர்ப் பேருந்தில் ஏறினேன்.